பரிமாறுபவரின் இலை: பண்டிகை நாள் வீட்டு விருந்தின் ஒழுங்கு குறித்து ஒரு விசாரணை

1. கேள்வி

பொங்கலன்று நண்பகல். கூடத்தைத் துடைத்துப் பந்திப்பாய் விரித்தாயிற்று. கொல்லையில் அறுத்த இலைகளோ சந்தையில் வாங்கிய கட்டோ, எதுவானாலும் நீர் தெளித்துத் துடைத்து வரிசையாகப் போடுகிறார்கள். இலையின் நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். உதவிக்கு வந்த சிறுவன் ஓர் இலையை மாற்றிப் போட்டுவிட்டால் கூடத்தின் நாலாபுறமிருந்தும் குரல் எழும். திருத்திப் போட்ட பிறகுதான் உப்பு வரும்.

ஏன் நுனி இடப்பக்கம்? ஏன் உப்பும் ஊறுகாயும் மேலே ஓரத்தில்? ஏன் குழம்புக்குப் பிறகு ரசம்? இக்கேள்விகளுக்கு வீடுகளில் பொதுவாக மூன்று வகையான பதில்கள் கிடைக்கின்றன. அது சம்பிரதாயம் என்பது ஒன்று. உடம்புக்கு நல்லது என்பது இன்னொன்று. அப்படித்தான் வசதி என்பது மூன்றாவது. முதல் இரண்டு பதில்களும் நூல்களிலும் மேடைகளிலும் நிறையப் பேசப்பட்டுள்ளன. மூன்றாவது, அடுக்களையில் சொல்லப்பட்டு அடுக்களையிலேயே தங்கிவிட்டது.

இலையின் ஒழுங்கு யாருடைய தேவையிலிருந்து உருவானது என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. உண்பவரை மட்டும் மனத்தில் வைத்து இலையைப் பார்க்கும்போது அதன் பல கூறுகள் விளங்காமல் போகின்றன. பரிமாறுகிறவரின் நிலையிலிருந்து பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கிடைக்கிறது. அப்படிப் பார்க்கும்போது, அந்த இலையின் முன் உட்காராத ஒருவரும் கண்ணில் படுகிறார்.

ஓர் எல்லையையும் முதலிலேயே குறித்துவிட வேண்டும். இங்கே பேசப்படுவது வீட்டில் நடக்கும் மரக்கறி இலை விருந்து. தமிழர் பண்டிகை உணவு முழுவதற்கும் அது பிரதிநிதி அல்ல. தீபாவளி என்றாலே விடியற்காலையில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் என்றிருக்கும் வீடுகள் ஏராளம். காயல்பட்டினத்தில் களரிச் சாப்பாட்டை 'சஹன்' எனப்படும் பெரிய தட்டில் வைத்து, அதைச் சுற்றி அமர்ந்து சேர்ந்து உண்கிறார்கள். ஒருவருக்கு ஓர் இலை என்பது தமிழகத்தில் உள்ள பல ஏற்பாடுகளில் ஒன்றுதான்.

2. இலையின் வரைபடம்

இலையின் நடுநரம்பு உண்பவருக்கு முன்னால் இடமிருந்து வலமாகக் கிடக்கிறது. அது இலையை மேல்பாதி, கீழ்பாதி எனப் பிரிக்கிறது. மேல்பாதியின் இடது ஓரத்தில், நுனி ஒடுங்கும் இடத்தில், உப்பும் ஊறுகாயும். அங்கிருந்து வலப்பக்கமாகப் பச்சடி, கோசுமல்லி, பொரியல், வறுவல், கூட்டு, அவியல் என அகலத்துக்கேற்ப அளவு கூடிக்கொண்டே போகும். கீழ்பாதியின் நடுவில் சோறு. அப்பளம், வடை, பழம், இனிப்பு ஆகியவற்றுக்குக் கீழ்பாதியின் இரு ஓரங்கள். இனிப்பு எந்த ஓரத்தில் என்பதில் வீட்டுக்கு வீடு வேறுபாடு உண்டு.

முழுமையாக நுனியோடு இருப்பது தலைவாழை இலை. நுனி இல்லாத துண்டுக்கு 'ஏடு' என்று பெயர். பெரியவர்களுக்கும் மாப்பிள்ளைக்கும் நுனி இலை, பிள்ளைகளுக்கு ஏடு என்று பிரித்துப் போட்ட காலம் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். இலையே மரியாதையின் அளவுகோலாக இருந்தது.

உணவின் வரிசைக்கும் ஒரு பொதுச் சட்டகம் உண்டு. சோற்றில் முதலில் பருப்பும் நெய்யும். பிறகு சாம்பார். அதன் பின் வற்றல் குழம்போ மோர்க்குழம்போ. பிறகு ரசம். பாயசம். கடைசியாக மோர் அல்லது தயிர். இந்தச் சட்டகத்துக்குள் வட்டார மாறுதல்கள் ஏராளம். திருநெல்வேலியில் சொதியும் இஞ்சித் துவையலும் ஒரு விருந்தையே தாங்கும். நாஞ்சில் நாட்டில் எரிசேரி, புளிசேரி வரும். பாயசத்தை இலையிலேயே ஊற்றிப் பப்படத்தையும் பழத்தையும் பிசைந்து உண்பதும் அங்கே உண்டு. எல்லையைத் தாண்டிக் கேரளத்துச் சத்யைக்குப் போனால் பாயசத்துக்குப் பிறகு ரசமும் மோரும் வருவதைப் பார்க்கலாம். மாறாத ஒரே வரிசை என்று எதையும் காட்ட முடியாது. ஆனால் உப்பும் ஊறுகாயும் மேலே, சோறு கீழே என்னும் இடப்பிரிவு மட்டும் அநேகமாக எங்கும் மாறுவதில்லை.

3. பழைய சான்றுகள் சொல்வதும் சொல்லாததும்

இலையில் உண்பது பழைய வழக்கம் என்பதில் ஐயமில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், பாலைநிலத்து வீட்டில் பாணர் சுற்றத்துக்குத் தேக்கிலையில் உணவு குவித்துத் தரப்படுகிறது. அங்கே இருப்பது தேக்கு, வாழை அல்ல. அந்தந்த நிலத்தில் கிடைக்கும் அகலமான இலையில் உண்டார்கள் என்பதுதான் இதிலிருந்து பெறக்கூடிய முடிவு.

வீட்டுக்குள் ஒருவருக்கு இலை போட்டுப் பரிமாறும் காட்சியை விரிவாகக் காட்டுவது சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை. அக்காப்பியத்தின் காலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. காட்சியின் நுட்பம் குறித்து இருக்க முடியாது. மதுரையின் புறஞ்சேரியில், ஆயர்குலத்து மாதரியின் அடைக்கலத்தில் இருக்கிறாள் கண்ணகி. பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலி அரிசி, பாலும் நெய்யும் வந்து சேர்கின்றன. காய் அரிந்து அவள் விரல் சிவக்கிறது. மாதரியின் மகள் ஐயை அடுப்பு மூட்டுகிறாள். சமைத்து முடித்ததும் பனையோலைத் தடுக்கில் கோவலனை அமர்த்தி, அவன் கால் கழுவி, தரையில் நீர் தெளித்துத் தடவி, இளம் வாழையின் குருத்திலையை விரித்து உணவு படைக்கிறாள். உண்டு முடிந்ததும் வெற்றிலை பாக்குத் தருகிறாள். பிறகு கோவலன் சிலம்போடு புறப்பட்டுவிடுகிறான்.

இன்றைய பண்டிகை வீட்டில் நடப்பதன் அடிப்படை அசைவுகள் எல்லாம் அதில் இருக்கின்றன: நீர் தெளித்தல், துடைத்தல், இலை விரித்தல், படைத்தல், தாம்பூலம். கண்ணகி எப்போது உண்டாள் என்பது மட்டும் இல்லை. உரையாசிரியர்களும் ஆய்வாளர்களும் அக்காட்சியின் கனிவைப் பற்றியும் வரப்போகும் துயரின் நிழலைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். உணவு வரலாற்றின் கோணத்தில் அந்த விடுபடல் ஒரு முக்கியமான செய்தி. பரிமாறியவளின் பசி, சொல்லப்பட வேண்டிய ஒன்றாகக் கருதப்படவில்லை.

12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் அப்பூதியடிகளின் வீட்டு விருந்து இன்னொரு சான்று. திருநாவுக்கரசருக்கு அமுது படைக்க வாழைக்குருத்து அரிந்து வரச் சென்ற மூத்த மகனைப் பாம்பு தீண்டுகிறது. அந்த நிலையிலும் அவன் ஓடிவந்து இலையைத் தாயின் கையில் சேர்த்த பிறகே வீழ்கிறான். மதிப்புக்குரிய விருந்தினருக்குக் குருத்திலை என்பது அதற்குள் எவ்வளவு ஊன்றிய வழக்காகிவிட்டது என்பதை இக்கதை காட்டுகிறது.

சோழர் காலக் கோயில் கல்வெட்டுகள் வேறொரு வகைச் சான்று. நிவேதனத்துக்கான பொருள்களை அரிசி, பருப்பமுது, நெய்யமுது, கறியமுது, தயிரமுது, அடைக்காயமுது, இலையமுது என்று அவை பட்டியலிடுகின்றன. கடைசியிலுள்ள 'இலை' வெற்றிலையைக் குறிப்பது. பருப்பும் நெய்யும் முன்னே வர, தயிர் பின்னே வந்து தாம்பூலத்தில் முடியும் இந்த அடுக்கு இன்றைய இலையை நினைவூட்டுகிறது. ஆனால் இதை வைத்துப் பரிமாறும் வரிசையே அன்றிருந்து மாறாமல் வருகிறது என்று சொல்லிவிட முடியாது. கல்வெட்டு கொடுப்பது செலவுக் கணக்கு. இலையில் எது எங்கே வைக்கப்பட்டது என்பதை அது சொல்வதில்லை.

உள்ளடக்கம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது என்பதற்கோ உறுதியான சான்று உண்டு. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்ச்சுகீசியர் வருகைக்கு முன் இங்கே கிடையாது. முட்டைக்கோசும் காரட்டும் பீன்சும் இன்னும் பின்னால் வந்து, 'இங்கிலீஷ் காய்' என்ற பெயரையே பெற்றன. பல வீடுகளில் திதிச் சமையலில் இன்றும் மிளகாய்க்குப் பதில் மிளகுதான். இங்கிலீஷ் காய்களுக்கு இடமில்லை. அதே வீட்டுப் பண்டிகை இலையில் பீன்ஸ் பருப்புசிலியும் உருளைக்கிழங்குப் பொரியலும் தடையின்றி இடம்பெறுகின்றன. இலையில் நிலையாக இருப்பவை இடங்கள்தான். அந்த இடங்களை நிரப்பும் பண்டங்கள் காலந்தோறும் மாறியிருக்கின்றன.

4. மூன்று விளக்கங்கள்

முதல் விளக்கம் சடங்கு சார்ந்தது. இலையைச் சுற்றி நீர் சுற்றுவது, சுப நாளில் இலையை மேலிருந்து தன் பக்கமாக மடிப்பது, துக்க வீட்டில் மறுபக்கமாக மடிப்பது போன்றவற்றுக்கு இது பொருந்தும். மடிக்கும் திசை சில ஊர்களில் நேர்மாறாக இருப்பதால், திசையின் பொருள் ஊர்வழக்கில்தான் இருக்கிறது என்பது தெளிவு. உப்பும் ஊறுகாயும் ஏன் ஓரத்தில் என்பதைச் சடங்கு விளக்குவதில்லை.

இரண்டாவது, மருத்துவ விளக்கம். அறுசுவையும் ஒரே இலையில் அமைகின்றன, இனிப்பில் தொடங்குவது செரிமானத்துக்கு ஏற்றது, வாழை இலையின் சத்து சூடான சோற்றில் இறங்குகிறது என்று இது விரிகிறது. சுவைகளின் வரிசை பற்றி ஆயுர்வேத நூல்கள் பேசுவது உண்மை. ஆனால் அந்த வரிசையும் இலையின் வரிசையும் பொருந்துவதில்லை. முதலில் தொட்டு வைக்கும் இனிப்பு ஒரு துளிதான். பாயசம் வருவது ரசத்துக்குப் பிறகு. கசப்பான பாகற்காய்க்குத் தனி முறை எதுவும் இல்லை. உண்பவர் விரும்பிய நேரத்தில் எடுத்துக்கொள்கிறார். வாழை இலையில் பாலிஃபீனால்கள் உண்டு என்பதும் உண்மைதான். அதிலிருந்து, அரைமணி நேர விருந்தில் அவை உடலுக்குள் சென்று நோய் தீர்க்கும் என்ற முடிவுக்குப் போவது பெரிய தாவல். இலையின் மெழுகுப்பூச்சு நீரை ஒட்டவிடாது, ஒருமுறை பயன்படுத்தினால் போதும், பிறகு மாட்டுக்கு உணவாகும் என்ற எளிய நன்மைகளே அதைப் போற்றப் போதுமானவை.

மூன்றாவது விளக்கம் கைவேலை சார்ந்தது. அதிகம் எழுதப்படாதது என்பதால் இதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

பரிமாறுகிறவர் இலைக்கு எதிர்ப்புறம், குனிந்து நிற்கிறார். இடக்கையில் தூக்குவாளி, வலக்கையில் கரண்டி. அவருக்குப் பக்கமாக இருப்பது இலையின் மேல்பாதி. சிறு அளவிலான பல கறிகளையும் அந்தப் பாதியில் வைத்துவிட்டால் உண்பவரின் கையைத் தாண்டி நீட்ட வேண்டியதில்லை. கரண்டி எச்சிலில் படும் ஆபத்தும் குறைவு. உண்பவரின் கை புழங்குவது கீழ்பாதியில். நடுநரம்புக்கு மேலே பரிமாறுபவரின் பாதி, கீழே உண்பவரின் பாதி என்று இலை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அடிக்கடி தொடாத உப்பும் ஊறுகாயும் ஒடுங்கிய நுனிக்குப் போகின்றன. பெருமளவு தேவைப்படும் சோற்றுக்கு அகலமும், உண்ணும் வலக்கைக்கு நெருக்கமும் கிடைக்கின்றன.

அடுத்தது இன்னும் முக்கியம். பத்து இலைகள் கொண்ட ஒரு பந்தியில் ஒவ்வொரு பண்டமும் ஒவ்வோர் இலையிலும் ஒரே இடத்தில் இருப்பதால், பரிமாறுகிறவர் நடந்துகொண்டே வரிசையைப் படித்துவிட முடிகிறது. மூன்றாவது இலையில் கூட்டு தீர்ந்துவிட்டது, ஏழாவது இலையில் பச்சடி தொடப்படவே இல்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். கேட்கக் கூச்சப்படுகிறவருக்கும் கேட்காமலே வந்து சேரும். 'பந்தி விசாரிப்பு' என்ற சொல்லின் பின்னால் இருக்கும் திறமை இதுதான். இடம் மாறினால் இந்தப் பார்வை குழம்பும். நுனியை மாற்றிப் போட்ட இலைக்கு எதிராகக் கூடமே குரல் எழுப்புவதற்கு இது போதுமான காரணம்.

நீர்ப்பண்டங்களின் வரிசையையும் இப்படியே பார்க்கலாம். பருப்பு கெட்டி. சாம்பார் அதைவிடத் தளர்வு. ரசம் நீர். விளிம்பில்லாத இலையில் ரசத்தை முதலில் ஊற்றினால் அது ஓடிப் பொரியலையும் அப்பளத்தையும் நனைக்கும். கெட்டியானவை முன்னே வந்து, பக்கத்துக் கறிகள் பாதி தீர்ந்த பிறகே நீர்த்தவை வருகின்றன. ரசத்துக்குச் சோற்றில் குழி செய்து கரை கட்டச் சொல்லிக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்பதும் அதனால்தான். இந்த விளக்கத்துக்கும் ஒரு குறை உண்டு: ரசத்துக்கும் மோருக்கும் நடுவே வரும் பாயசம் இந்த ஏறுவரிசையில் அடங்காது. பாயசத்தைக் கிண்ணத்தில் தரும் வீடுகள் சிக்கலைத் தவிர்த்துவிடுகின்றன. இலையில் ஊற்றும் நாஞ்சில் வழக்கம் அதைத் தவிர்ப்பதில்லை. ஆகவே கைவேலை எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது என்று கூற முடியாது. இடங்களை மிக நன்றாகவும், வரிசையைப் பெரும்பாலும் விளக்குகிறது என்பதே சரியான மதிப்பீடு.

5. அமர்ந்தவரும் நின்றவரும்

இந்த ஒழுங்கு இயங்குவதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. யாராவது ஒருவர் உண்ணாமல் நிற்க வேண்டும்.

பொதுப் பந்தியில் யார் யாரோடு அமரலாம் என்பது தமிழ்நாட்டு அரசியலின் மையக் கேள்விகளில் ஒன்றாக இருந்திருக்கிறது. அய்யா வைகுண்டர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென் திருவிதாங்கூரில் சாதி கடந்த உணவுப் பந்தியை நடத்தினார். வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது 1867இல். வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே உணவளித்தது 1920களின் நடுவில் பெரும் போராட்டமாக வெடித்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்து நின்றார்கள். சமபந்தி என்ற சொல் அரசின் சொல்லாகவும் ஆனது. சுதந்திர தினத்தன்றும் அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3 அன்றும் கோயில்களில் விருந்து நடக்கிறது.

இந்த நீண்ட விவாதம் அமர்கிறவர்களைப் பற்றியது. வீட்டுக் கூடத்தில் நிற்கிறவரைப் பற்றி இவ்வளவு பேசப்படவில்லை. பண்டிகையன்று முதல் பந்தி ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும், அடுத்தது பெண்களுக்கு, சமைத்தவர் எல்லோருக்கும் கடைசி என்பது பல குடும்பங்களில் கேள்வியில்லாமல் நடந்தது, இன்றும் நடக்கிறது. கடைசிப் பந்தியில் அப்பளம் நமத்திருக்கும், வடை எண்ணிக்கை குறைந்திருக்கும், சோறு ஆறியிருக்கும். தொடர்ந்து நின்ற கால்களோடு அவர் உட்காரும்போது, அவருக்குப் பரிமாற யாரும் எழுந்து வருவதில்லை. பாத்திரங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தானே போட்டுக்கொள்வார். உண்ணும் வரிசை வீட்டுக்குள் இருக்கும் சமமின்மையின் அடையாளம் என்பதை ஆய்வுலகமும் ஏற்றிருக்கிறது. 2004-05இலும் 2011-12இலும் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு, பெண்கள் ஆண்களோடு சேர்ந்து உண்கிறார்களா, பிறகு உண்கிறார்களா என்பதைத் தனிக் கேள்வியாகவே வைத்தது.

பரிமாறுவது பெண்களின் இயல்பான வேலை என்ற வாதத்தைத் திருமண மண்டபமே பொய்யாக்குகிறது. அங்கே வாளியைத் தூக்கி ஓடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பந்தி விசாரிப்பது குடும்பத்து ஆண்களுக்குப் பெருமைக்குரிய பொறுப்பு. கூலியோ கௌரவமோ சேரும் இடத்தில் ஆண்கள் பரிமாறுகிறார்கள். இரண்டும் இல்லாத வீட்டில் அந்த வேலை பெண்களிடம் விடப்படுகிறது. குனிந்து, வரிசை படித்து, அளவறிந்து வைக்கும் அந்தத் திறமை யாருக்கும் கற்றுத்தரக் கூடியது.

6. மேசை வந்த பிறகு

தரையிலிருந்து மேசைக்கு மாறியது கடந்த அரை நூற்றாண்டில் நகரத்து வீடுகள் கண்ட பெரிய மாற்றம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது பெரிய ஆறுதல். நடுவில் பாத்திரங்களை வைத்து எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து போட்டுக்கொள்ளும் வசதியும் மேசையிடம் இருந்தது. பண்டிகை நாளில் அந்த வசதி பயன்படவில்லை. மேசை மேலே இலை வந்தது. இலையோடு பழைய இடப்பிரிவும் வந்தது. அதோடு ஒருவர் நிற்பதும் வந்தது. ஆறு நாற்காலி உள்ள வீட்டில் ஆறு பேர் உண்ண, ஏழாமவர் மேசையைச் சுற்றி வருகிறார்.

மேசையில் இடம் குறைவு என்பதால் எதிர்ப்புறம் நின்று பரிமாறும் பழைய வசதியும் போய்விட்டது. எதிரெதிரே இரண்டு வரிசை இலைகள். பரிமாறுகிறவர் உண்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து கை நீட்ட வேண்டும். இப்போது மேல்பாதி அவருக்கு எட்டாத பாதி. யாருடைய வசதிக்காக அந்த இடங்கள் அமைந்தனவோ அவருக்கே அவை சிரமமாகிவிட்டன. இருந்தும் ஊறுகாய் மேல் ஓரத்திலேயே இருக்கிறது. காரணம் போன பிறகும் வடிவம் நிற்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மாற்ற முடியாதது என்று எண்ணிய பிற பழக்கங்கள் மாறியிருக்கின்றன. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் தடை, பிளாஸ்டிக் பூசிய தட்டுகளோடு சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளையும் தன் பட்டியலில் சேர்த்தது. மாற்றாக முன்வைக்கப்பட்டவற்றில் வாழை இலையும் பாக்குமட்டைத் தட்டும் இருந்தன. ஓர் அரசாணை மேசையின் மேற்பரப்பைத் தொட முடியுமென்றால், குடும்பம் தன் பந்தியின் வரிசையைத் தொட முடியாது என்று சொல்வதற்கில்லை.

7. விசாரணையின் முடிவுகள்

இதுவரை பார்த்த சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். இலையில் இடங்கள் நிலையானவை, பண்டங்கள் மாறுபவை. இடங்களின் ஒழுங்கைச் சடங்கோ மருத்துவமோ விளக்குவதைவிடப் பரிமாறும் கையின் தேவை நன்றாக விளக்குகிறது. அந்தக் கை வீட்டில் பெரும்பாலும் பெண்ணின் கை. அதன் அறிவு 'சம்பிரதாயம்' என்ற பொதுப்பெயருக்குள் மறைந்து, அதன் பசி கணக்கில் வராமல் போயிருக்கிறது.

நடைமுறையில் இதற்கு வழி இருக்கிறது. சில வீடுகளில் அது தொடங்கியும் விட்டது. உப்பு, ஊறுகாய், பச்சடி, பொரியல், கூட்டு, அவியல், வடை, இனிப்பு ஆகியவை உட்காரும் முன்பே எல்லா இலைகளுக்கும் போட்டுவைக்கக் கூடியவை. மீதம் சோறு, பருப்பு, நெய், சாம்பார், ரசம், மோர். அவற்றை மேசையின் இரு கோடிகளிலும் வைத்துவிட்டு, சாம்பார் முறைக்கு ஒருவர், ரசம் முறைக்கு இன்னொருவர் என எழுந்தால் யாரும் முழு விருந்துக்கும் நிற்க வேண்டியதில்லை. சமைத்தவருக்கு முதல் பந்தியிலேயே ஒரு நுனி இலை. பதின்வயதுப் பையன்களுக்கு நெய்க்கிண்ணத்தையும் ரச வாளியையும் கொடுத்துப் பந்தி விசாரிக்கப் பழக்குவதும் இதில் அடங்கும்.

ஆய்வாளர்களுக்கும் வேலை மிச்சமிருக்கிறது. 1951இல் முதல் பாகம் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' முதல், சமையல் குறிப்புகள் நூல்களாகத் தொகுக்கப்பட்டுவிட்டன. யார் எந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள், யார் பரிமாறினார்கள், அவர்கள் எப்போது உண்டார்கள் என்பது எழுத்தில் மிக அரிது. வயதான பெண்களின் நினைவில் அது இருக்கிறது; கேட்டுப் பதிவு செய்தால் கிடைக்கும். குடும்ப ஆல்பங்களும் உதவும். பழைய விருந்துப் படங்களில் இலைகளின் முன் அமர்ந்தவர்கள் கேமராவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். படத்தின் ஓரத்தில், முகம் தெரியாமல், கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை கரண்டியோடு நீண்டிருக்கும். அது யார் கை என்று அந்த வீட்டாரிடம் கேட்பதிலிருந்து தொடங்கலாம்.